வேம்புக்குப் போட்ட கட்டு

போன சனிக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு நோயாளியைப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி வெள்ளைக் கட்டு. உள்ளே கோடாலி வெட்டு. போலீஸ் கேஸ் எதுவும் இல்லை. ஏனென்றால் நோயாளி... ஒரு வேப்பமரம்!

சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையம் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் வகுப்பு எடுக்கிறேன் என்று ஏற்கெனவே இங்கே பீற்றிக்கொண்டிருக்கிறேன். சம்பளம் கிடையாது. பேசுவதைக் கேட்க ஆள் கிடைத்தால் எனக்குப் போதாதா?

அதற்கு முந்தைய வாரம் மரப்பட்டையைப் பற்றிப் பேசினேன். "பட்டைதான் மரத்துக்குத் தோல். அதுல வெட்டு விழுந்தா காயம்தான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சத்தியமாக!

அந்த வாரம்தான் பள்ளியில் சைக்கிள் ஷெட் போட முடிவானது. வெயிலில் நின்று நின்று பிள்ளைகளின் சைக்கிள் டியூப் வெடிக்கிறதாம். யாரோ தகரமும் கொடுத்துவிட்டார்கள். இடம்? கேட்டுக்குப் பக்கத்தில், வேம்பு நிற்கிற இடம். இருக்கிற நிழலை வெட்டிவிட்டுத் தகரத்தில் நிழல் போடுவது — எப்படி இருக்கிறது யோசனை?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மரம் வெட்டுகிறவர் வந்து இரண்டு போடு போட்டார். இருட்டிவிட்டது. மீதி காலையில் என்று போய்விட்டார்.

காலையில் நான் போனபோது, ஏழாம் வகுப்புச் செல்வி மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். கையில் பேண்டேஜ் துணிச் சுருள். அவள் அம்மாவுக்கு பேண்டேஜ் கம்பெனியில் வேலை. கழித்துப் போட்ட துணிக்கு வீட்டில் பஞ்சமில்லை. மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொரு சுருள் கொண்டுவந்திருந்தார்கள். பேண்டேஜ் துணி நெய்தே பிழைக்கிற இந்த ஊரில் அதற்கா குறைச்சல்?

"ஏட்டி, இறுக்கிப் பிடி! அவுந்துரப் போகுது!"

"மஞ்சப்பொடி வச்சியாட்டி?"

"அதெல்லாம் அப்பவே வச்சாச்சு!"

தலைமை ஆசிரியர் மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ பாடம் நடத்துனியா, ஆஸ்பத்திரி நடத்துனியா?"

அதற்குள் மரம் வெட்டுகிறவர் வந்துவிட்டார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். தோளிலிருந்த கோடாலியைக் கீழே வைத்தார்.

"சார், ஆளு பெட்ல கெடக்கான். டிஸ்சார்ஜ் ஆகட்டும், பொறவு வாரேன்."

"வெளையாடாதப்பா. வேலையைப் பாரு."

"இம்புட்டுப் பிள்ளைக பாத்துக்கிட்டு நிக்கையில எப்படி சார் ஓங்குறது? செத்த நேரம் போகட்டும்."

எனக்கு வேறு கவலை. மரத்துக்குத் துணிக்கட்டு ஆகாது. ஈரம் தங்கிக் காயம் அழுகிவிடும். விட்டுவிட்டால் அதுவே ஓரத்திலிருந்து மூடிக்கொள்ளும். சொல்லாமல் இருக்க முடியுமா? செல்வியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "கட்டை அவுத்தா வெட்டிருவாகளேக்கா?"



அவள் என்னை விட்டுவிட்டு நேரே தலைமை ஆசிரியரிடம் போய் நின்றாள்.

"சார், மரத்தை வெட்டிட்டா ஒங்க வண்டியை எங்க சார் நிப்பாட்டுவீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மரத்தடியில், நடுநிழலில், குளுகுளுவென்று அவருடைய மொபெட்! வருஷக்கணக்காக அதன் இடம் அதுதான். பிள்ளைகளின் சைக்கிள்கள் மட்டும் அந்தப் பக்கம் வெயிலில்.

அவர் வண்டியைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார்.

"இந்த நெழல்ல எம்புட்டு சைக்கிள் நிக்கும்?"

"எல்லாமே நிக்கும் சார்! ஒங்க வண்டியைக் கொஞ்சம் ஓரமா போட்டா!"

மரம் வெட்டுகிறவர்தான் முதலில் சிரித்தார். தலைமை ஆசிரியர் ஸ்டாண்டைத் தட்டி, தானே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போனார்.

"கட்டை அவுத்துருங்க. வெட்டலை."

தகரம் சத்துணவுக் கூடத்துக் கூரைக்குப் போய்விட்டது.

மரம் நிழல் தரும் என்று நாம் எல்லோரும் படித்தோம். நானும் பக்கம் பக்கமாக நோட்ஸ் எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த நிழலில் யார் வண்டி நிற்கிறது என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லையே!

நேற்று, இந்தச் சனிக்கிழமை, மறுபடி போனேன். வேம்பைச் சுற்றி வட்டமாகச் சைக்கிள்கள். சீட்டெல்லாம் காக்கை எச்சம். அதனால் என்ன... துடைக்கத்தான் அவிழ்த்த கட்டு அவ்வளவு கிடக்கிறதே!