மூன்று வீட்டு முறை

ஓய்வில்லாத தாய்மார்கள் வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிப்பது என்று ஒரு வாரப் பத்திரிகை இரண்டு பக்கம் எழுதியிருந்தது. காய்கறியை முந்தின நாளே நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள். கணவரிடம் அன்பாக எடுத்துச் சொல்லி உதவி கேளுங்கள். எதையும் புன்னகையோடு செய்யுங்கள். அறிவுமதி அதைத் தஞ்சாவூர் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி படித்தாள். அவள் எழுந்திருப்பதே நாலு மணிக்கு. அதற்கும் அரை மணி முன்னால் என்றால் படுக்காமலே இருந்துவிடலாம். கணவன் நெடுஞ்செழியனோ துபாயில் இருந்தான். அன்பாக எடுத்துச் சொல்வதற்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவிந்தராசுவின் டெலிபோன் பூத்தில் பத்து நிமிஷம் கிடைக்கும். அதிலும் ஆறு நிமிஷம் மாமனார் எடுத்துக்கொள்வார்.

இது தொண்ணூற்றெட்டில். வெண்ணாற்றங்கரையில், தஞ்சாவூருக்கு முக்கால் மணி நேரப் பயணத்தில் அவர்கள் ஊர். அறிவுமதிக்குத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஏழரை மணிக்கே வாசலில் நிற்பார்கள்; சர்க்கரை நோயாளியைக் காக்க வைக்க முடியாது. ஆறரை மணிப் பேருந்தை விட்டால் வேலை போய்விடும். ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்கு. மூத்தவள் பொற்செல்விக்கு ஒன்பது வயது, இளையவள் யாழினிக்கு ஐந்து. ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே கிடந்த அந்த இரண்டரை மணி நேரத்துக்குத்தான் எந்தப் பத்திரிகையிலும் குறிப்பு இல்லை.

குறிப்பைக் கண்டுபிடித்தது ஆசியா. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தாள். அவள் புருஷன் மலேசியாவில். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு என்று வாய்க்காலில் முறை வைத்திருந்தார்கள். மேல்மடைக்கு இரண்டு நாள், கீழ்மடைக்கு இரண்டு நாள். பேருந்துக்கு நின்ற இடத்தில் அதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஆசியா சொன்னாள்: "வயலுக்கு முறை வைக்கிறாங்கல்ல, அடுப்புக்கு வச்சா என்னக்கா? மூணு வீட்டுலயும் மூணு பேரு நாலு மணிக்கு எழுந்திரிச்சு அதே சாம்பாரைத்தான வைக்கிறோம்?"

மூன்றாவது வீடு அருள்மேரியுடையது. டெலிபோன் இணைப்பகத்தில் ஆபரேட்டர், ஷிப்ட் வேலை, புருஷன் குவைத்தில். வாரத்தில் ஆறு நாள், ஆளுக்கு இரண்டு நாள் என்று பிரித்தார்கள். அறிவுமதி கெஞ்சிக் கூத்தாடி திங்களும் வியாழனும் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். முறைக்காரி வீட்டுக்கு ஆறேகாலுக்கெல்லாம் ஐந்து பிள்ளைகளும் வந்துவிட வேண்டும். தலை வாரி, சாப்பாடு போட்டு, டப்பா கட்டி, பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விட வேண்டியது அவள் பொறுப்பு. வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கும் தூக்குச்சட்டியில் குழம்பு போய்விடும். காலையில் கறி, மீன் கிடையாது. என்ன வைத்தாலும் குறை சொல்லக் கூடாது. உடம்புக்கு முடியாவிட்டால் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

பத்து மாதம் அது தட்டுத் தடங்கலில்லாமல் ஓடியது. வாரத்தில் நாலு நாள் அறிவுமதி ஐந்தேகால் வரை தூங்கினாள். தூங்குகிற மனுஷிக்குக் கோபம் குறையும், பிள்ளைகளை அடிக்கிற கை இறங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பரிசோதனைக் கூடத்தில் அவளையே பொறுப்பாளராகப் போடலாம் என்று பேச்சு வந்தது. பண்ணைக்கு நாற்று பறிக்கப் போன குடும்பத்திலிருந்து படித்து வந்தவள் அவள். அந்தப் பேச்சு காதில் விழுந்த அன்று இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய் இறங்கினாள்.

கெடுத்தது மாமனார் சாமிதுரை.

அவரைக் கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. சிறு வயதில் பண்ணையார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சட்டியை ஏந்திக்கொண்டு நின்றவர். மிச்சம் மீதியை மேலேயிருந்து ஊற்றுவார்கள். தெறித்தது போக வந்ததைக் குடித்து வளர்ந்தவர். அடுத்த வீட்டுத் தூக்குச்சட்டி வாசலில் வந்து இறங்கும்போதெல்லாம் அவருக்கு அந்தக் கொல்லைப்புறம் நினைவுக்கு வந்திருக்கிறது. அதை மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நேராகத் துபாய்க்குச் சொன்னார்.

"மவன் நீ வெளிநாட்டுல சம்பாதிக்கிற, நான் இன்னும் கண்டவங்க வீட்டுச் சோத்துக்குச் சட்டிய பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்டா. ஊருல சிரிக்கிறாங்க."

ஊரில் யாரும் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு தெருவில் எங்களுக்கும் இப்படி முறை போட்டுத் தாருங்கள் என்று ஆசியாவிடம் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறிவுமதி கைக்கு ரிசீவர் வந்தபோது நெடுஞ்செழியன் முடிவே செய்துவிட்டிருந்தான். "முறையெல்லாம் வேணாம் மதி. நம்ம வீட்டு அடுப்புல நீ சமை. முடியலன்னா வேலைய விட்டுடு. நான் அனுப்புறது பத்தலயா?"

"ஏங்க, நான் சொல்றத ஒரு நிமிஷம்..."

"அப்பா மனசு கஷ்டப்படுது. விட்டுடு."

பூத்துக்கு வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அவள் ரிசீவரை வைத்துவிட்டு வந்தாள். வந்த ஆத்திரத்தில் அன்று ஒரு தட்டை வீசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வீசவில்லை. ஆசியாவிடமும் அருள்மேரியிடமும் போய், குற்றம் செய்தவளைப் போல, "நான் முறையிலேருந்து நின்னுக்கிறேன்" என்றாள். வேலையை மட்டும் விடவில்லை.

முறை நின்றதும், அதற்காகக் கெஞ்சி வாங்கிய மதிய ஷிப்டும் போய்விட்டது. மறுபடி ஆறு நாளும் நாலு மணி. சோறும் குழம்பும் வைத்து மூடிவிட்டு, பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டி, ஆறரைப் பேருந்துக்கு ஓட்டம். "மாமா, எட்டே காலுக்குச் சாப்பாடு போட்டு ரெண்டையும் அனுப்பி வச்சிடுங்க" என்று தினமும் சொல்லிவிட்டுப் போவாள். அவரும் தினமும் "ம்" என்பார். இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே அவள் நம்பினாள்.

பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "ரெண்டு மாசமா முதல் பீரியட்ல உங்க பொண்ணு இருந்ததே இல்லம்மா. முதல் பீரியட்தான் கணக்கு. பின்னங்கள் முழுசும் நடத்தி முடிச்சாச்சு, அவளுக்கு ஒண்ணும் தெரியல. கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குது."

வீட்டுக்கு வந்து பொற்செல்வியை மடியில் இழுத்து உட்கார வைத்துக் கேட்டபோதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆறின குழம்பு தாத்தாவுக்கு இறங்காது. அவள்தான் பலகை போட்டு ஏறி நின்று சுட வைத்திருக்கிறாள். தாத்தாவுக்கு இரண்டு தடவை காப்பி. தங்கைக்கு ஊட்டி, டப்பா கட்டி, எச்சில் தட்டுகளைக் கழுவி, வீட்டைப் பெருக்கி, தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி பத்து. வெந்நீர் பட்டது என்று சொல்லியிருந்த மணிக்கட்டுக் கொப்புளம் காப்பி வடித்தபோது வந்தது.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"தாத்தா என்னை நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க. சொன்னா நீ வேலைக்குப் போக மாட்டேல்ல?"

சாமிதுரை பக்கத்தில்தான் இருந்தார். மறைக்கிற எண்ணமே அவருக்கு இல்லை, பெருமையாகவே சொன்னார்: "என் பேத்தி இப்பவே குடும்பம் பண்ணக் கத்துக்கிட்டா. பொறுப்பான பொண்ணு."

அறிவுமதிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. மூன்று பெண்கள் கூடிப் பேசி ஒரு வேலையைப் பிரித்துக்கொண்டால் குடும்ப மானம் போகிறது. அதே வேலையை ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி தனியாகச் சுமந்தால் அதற்குப் பெயர் பொறுப்பு. அவள் முறையிலிருந்து விலகினாளே தவிர, முறை எங்கேயும் போகவில்லை. ஆறு நாளும் பொற்செல்வி தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்த வாரத்திலேயே அமிர்தலிங்கம் வந்தான். திருவிடைமருதூர்க்காரன், துபாயில் நெடுஞ்செழியனோடு ஒரே அறையில் இருப்பவன். விடுமுறையில் வந்தவன் கையில் நெடுஞ்செழியன் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழமும் பிள்ளைகளுக்குச் சட்டையும் இருந்தன. சாமிதுரை அவனை உட்கார வைத்து, மகன் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்று கேட்டார்.

"சாப்பாட்டுக்கென்னப்பா கொறச்சல்? ரூம்ல ஏழு பேரு, முறை வச்சித்தான் சமையல். திங்கக்கிழமை ஒரு மலையாளி, செவ்வாய்க்கிழமை ஒரு பாகிஸ்தான்காரரு. வியாழக்கிழமை அண்ணன் வைக்கிற மீன்குழம்புக்கு ஏழு பேரும் காத்துக்கிட்டு இருப்போம். முறை போட்டு எழுதிச் செவத்துல ஒட்டினதே அண்ணன்தான். ஒருத்தன் டிமிக்கி குடுக்க முடியாது!"

சாமிதுரை வாய் நிறையச் சிரித்தார். "என் மவன் எங்க போனாலும் ஒரு ஒழுங்கு வச்சிருப்பான்" என்றார். காப்பி டம்ளரோடு வந்த அறிவுமதி அதை அமிர்தலிங்கம் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டாள். இல்லையென்றால் வந்தவன் முன்னாலேயே கத்தியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை பூத்தில் மணி அடித்ததும் மாமனார் எழுவதற்கு முன் அவள் எடுத்தாள்.

"ஏங்க, உங்க ரூம்ல ஏழு பேரும் முறை வச்சு ஆக்கித் திங்கிறீங்களாமே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பாகிஸ்தான்காரரு ஆக்கின சோறு உங்களுக்கு இறங்குது. ஆசியா வச்ச ரசம் நம்ம வீட்டுல மானத்த வாங்குதா?"

"அது வேற, இது வேற மதி. நாங்க காலையில போனா பொழுது சாஞ்சுதான் வர்றோம். ஏழு பேரும் தனித்தனியா சமைச்சா எப்ப தூங்குறது?"

"அப்ப நான் எப்ப தூங்குறது?"

அவள் விடவில்லை.

"நீங்க ஏழு பேரு, ஆளுக்கொரு நாளு. இங்க முறைய நிறுத்துனீங்களே, யாரு செய்யிறான்னு கேட்டீங்களா? பொற்செல்வி. பலகை போட்டு ஏறி நின்னு அடுப்பு பத்த வைக்கிறா. ரெண்டு மாசமா கணக்கு வகுப்பே பாக்கல. கையில கொப்புளம்."

"பொற்செல்வியா? எனக்கு யாரும் சொல்லலியே... அப்பாகிட்ட குடு, நான் பேசுறேன்."

"வேணாம். நீங்க சொல்லி ஆரம்பிச்சா, நீங்க சொல்லி நிறுத்தவும் செய்வீங்க. நானே பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். கோவிந்தராசு மீட்டரைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து அவள் மாமனார் எதிரில் உட்கார்ந்தாள். "மாமா, திங்கக்கிழமையிலேருந்து மறுபடி முறை. அன்னிக்கு நம்ம வீட்டுல."

"கை நீட்டிச் சோறு வாங்கின காலம் என்னோட போகட்டும்னு நெனச்சேன்" என்றார் சாமிதுரை.

"அங்க உங்களுக்கு ஊத்துனாங்க மாமா, நீங்க திருப்பி ஊத்த முடியாது. இங்க நாம ரெண்டு நாள் போடுறோம், அவங்க நாலு நாள் போடுறாங்க. இது பிச்சையா? உங்களுக்குப் பிடிக்கலன்னா சாப்பிட வேணாம். ஆனா எம் பொண்ணு இனிமே அந்த அடுப்புக்கிட்ட போக மாட்டா."

ஆசியாவிடமும் அருள்மேரியிடமும் சொல்லிவிட்டு, பரிசோதனைக் கூடத்தில் மதிய ஷிப்டையும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை ஆறேகாலுக்கு ஐந்து பிள்ளைகளும் அவள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து இட்லி தின்றார்கள். எட்டே முக்காலுக்குப் பொற்செல்வியை வகுப்பு வாசலில் அவளே கொண்டுபோய் விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அருள்மேரி முறை. பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறிவுமதி படியிறங்கும்போது, அருள்மேரி வீட்டிலிருந்து ஆசியாவின் மகள் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சாமிதுரை அதைப் பார்த்தார். எழுந்தார். சமையலறைக்குள் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு அறிவுமதி திரும்பி எட்டிப் பார்த்தாள். அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக அவர் காஸ் அடுப்பைப் பற்ற வைத்து, தனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு திருப்பு, ஒரு தீக்குச்சி. குழந்தைக்குக்கூடச் சுலபம். காப்பிக்கும் பக்கத்தில் பால் வைத்திருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரும்போலிருந்தது, வரவில்லை. இரண்டு மாதமும் இந்த மனுஷர் இதே கூடத்தில், இதே அடுப்புக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்துதானே இருந்தார்.

"உங்களுக்கு நல்லாவே வருது மாமா" என்றாள். "இத ரெண்டு மாசத்துக்கு முன்னாடி செஞ்சிருந்தா, எம் பொண்ணுக்குப் பின்னம் தெரிஞ்சிருக்கும்."