ஐம்பது வருஷ பேட்டரி

நாணயம் அளவில் ஒரு அணு பேட்டரி கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஐம்பது வருஷத்துக்கு மாற்றவே வேண்டாமாம். என் வீட்டுக்காரர் அந்த வீடியோவைப் போனில் போட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். கல் உடைக்கும் மெஷின் பக்கத்திலேயே வேலை பார்த்துக் காதைத் தொலைத்தவர் அவர். காது மெஷினுக்குப் போடும் குட்டி பேட்டரியோ ஒரு வாரம் தாங்குவதே பெரிய விஷயம்.

"இது மட்டும் வந்துடுச்சுன்னா நம்ம கஷ்டம் தீந்துச்சு பாரு" என்றார்.

"வரும், வரும். நம்ம பேரன் தாத்தாவாகும்போது வரும்" என்றேன். அது அவருக்குக் கேட்கவில்லை.

பெரம்பலூரில் காது மெஷின் கடைக்காரர், "அது குடுக்குற கரண்டு ரொம்பக் கம்மிங்க, காதுக்குப் பத்தாது" என்று சொல்லியும் இவர் நம்பவில்லை. அது வரும்வரை சிக்கனமாக இருக்கிறேன் என்று, வீட்டுக்குள் நுழைந்ததும் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். டீக்கடையில் ஊர்க்கதை முழுக்கக் கேட்கும். என் பேச்சுக்குத்தான் பேட்டரி கிடையாது. எரிச்சல் வராதா எனக்கு?

போன மாதம் புது பேட்டரி அட்டை வாங்கிவந்து, எல்லா பேட்டரியின் முதுகிலும் இருந்த ஸ்டிக்கரை மொத்தமாக உரித்துவிட்டார். ஸ்டிக்கரை எடுத்தால் காற்றுப் பட்டுவிடும், மெஷினில் போடாவிட்டாலும் தீர்ந்துபோகும். செத்தவற்றை, மறுபடி உயிர் வருமென்று, டார்ச் லைட் பேட்டரிக் கட்டை மாதிரி முறத்தில் போட்டு மாடியில் வெயிலில் காயவைத்தார். தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அரியலூரில் எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. எங்கள் ஊர் குன்னம் வந்து சேரும்வரை பஸ்ஸில் அழுகையை அடக்கிக்கொண்டே இருந்தேன். இவரிடம் மட்டும் சொன்னால் போதும் என்றிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"சரி சரி" என்று தலையாட்டினார். காது காலி.

"மெஷின மாட்டுங்க!" என்று கையைக் காட்டினேன். காயவைத்ததில் ஒன்றைப் போட்டார். இன்னொன்றைப் போட்டார். எதிலும் உயிர் இல்லை.

"சத்தமாத்தான் சொல்லேன்."

சத்தமாகச் சொல்கிற விஷயமா அது? ஆனாலும் கத்தினேன். "கர்ப்பப்பைய எடுக்கணுமாங்க! கட்டியாம்! எனக்குப் பயமா இருக்கு!"

பக்கத்து வீட்டு அக்கா மாவுக் கையோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எதிர் வீட்டிலிருந்தும் வந்துவிட்டார்கள். இவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் அழுவுறீங்க? யாருக்கு என்னாச்சு?" என்று என்னைக் கேட்டார்.