பெயர் சொல்லாத பட்டை

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஏற்காடு போயிருந்தோம். அங்கே ஒண்டிக்கடை என்ற இடத்தில், மலைப் பெண்கள் சேர்ந்து நடத்திய துணிக்கடையில்தான் சாயம் போடும் அந்த அம்மாவைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை செங்கல் நிறம் ஏறிய கைகள். எந்தத் துணியையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மடிப்பார்.

குழந்தைக்காக மெல்லிய துண்டு ஒன்றை எடுத்தேன். கிடைத்ததையெல்லாம் சப்பும் வயது அவளுக்கு.

"இது என்ன சாயங்க?"

"மரப்பட்டைங்க."

"எந்த மரம்?"

"அதைச் சொல்லக்கூடாதுங்க. ஒருத்தர் வந்து நைசாக் கேட்டுட்டுப் போயி, தானே கண்டுபிடிச்ச மாதிரி உரிமை கேட்டு சர்க்காருக்கு எழுதிப் போட்டுட்டாருங்க. எங்க பேர்ல பதிவாகற வரைக்கும் வாயைத் திறக்காதீங்கன்னு வக்கீலம்மா சொல்லீட்டாங்க."

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க. குழந்தை வாயில வைப்பாளேன்னுதான்..."

"அவரும் நொம்ப நல்லவராட்டத்தானுங்க இருந்தாரு!"

சிரித்தபடியே துண்டின் முனையைத் தன் வாயில் வைத்து மென்றார்.

"சொல்லக்கூடாதுன்னுதான் வக்கீலம்மா சொன்னாங்க. திங்கக்கூடாதுன்னு சொல்லலீங்களே. பாரு கண்ணு!" என்று என் கையிலிருந்த மகளிடம் நாக்கை நீட்டினார்.

வெற்றிலையால் ஏற்கெனவே சிவந்திருந்த நாக்கு. சாயம் ஒட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதே நிறத்தில் வேறொரு துண்டு வாங்கி, வெந்நீரில் அலசிய பிறகே மகளுக்குக் கொடுத்தேன். இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். நிறம் மங்கவில்லை. அந்தச் சாயம் அவர்கள் பேரில் பதிவானதா என்று, ஏற்காடு போகிறவர்களிடம் விசாரிக்கச் சொல்ல நினைப்பேன். இன்னொருவரும் நைசாகக் கேட்க வந்துவிட்டார் என்று அந்த அம்மா பயந்துவிடுவாரோ என, சொல்லாமலே விட்டுவிடுவேன்.