படகு ஸ்டார்ட் ஆகாத மத்தியானம்

எங்கள் கம்பெனியில் துக்க வீட்டுக்கு என்னை யாரும் அனுப்ப மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியாதவன் நான். ஒருமுறை மாலை போடப் போன இடத்தில், செத்தவரின் மீசை நன்றாயிருக்கிறது என்று சொல்லி அடி வாங்காமல் தப்பித்தேன். அப்படிப்பட்டவனைத்தான் அன்றைக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"ஏரியில போட் ஸ்டார்ட் ஆவலையாம். ஃபோர்க்லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவன்தானே, அதையும் பாரு. அந்தப் பையனோட அப்பாவையும் கையோட கூட்டிட்டுப் போ."

அந்தப் பையன் எங்கள் அசெம்பிளி லைனில் கான்ட்ராக்ட் ஆள். சில நாளாக வேலைக்கு வரவில்லை. அன்று காலையில் ஓசூருக்கு வெளியே ஏரிக்கரையில் அவன் பைக்கும் செருப்பும் கிடந்தன. காவேரிப்பட்டணம் பக்கமிருந்து அப்பா பஸ் பிடித்து வந்திருந்தார். மாங்கூழ் ஃபேக்டரியில் கூடை தூக்குகிறவர். சட்டைக்குள் ஜெபமாலை. என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

"பெங்களூர் போயிருப்பான் சார். பேரிகை ஊர்ல ஒரு சிநேகிதன் இருக்கான், அவன்கூட போயிருப்பான். போனுக்கு சார்ஜ் போட மறந்திருப்பான்."

செருப்பில்லாமலா என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை.

கரையில் நுரை ஒதுங்கியிருந்தது. தண்ணீரில் இறங்கித் தேடுகிற ஆட்கள் இரண்டு பேர் கயிறும் கொக்கியுமாகக் குந்தியிருந்தார்கள். இருந்த ஒரே மோட்டார் போட், டூரிஸ்ட்டுகளுக்குச் சுற்றிக் காட்டுவது. அதை ஓட்டுகிறவர் கன்னடக்காரர்.

"பேட்டரி சென்னாகிதே அண்ணா. நேத்து ராத்திரி மழைக்கு முன்னாடி நல்லாத்தான் ஓடிச்சு. இப்ப சாவி திருப்புனா சத்தமே இல்ல."

"பேட்டரி நல்லாருக்குன்னு பேட்டரியா சொல்லுச்சு?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

போட்டின் ஹாரனை அமுக்கினேன், கணீரென்று அடித்தது. அதிலேயே அவர் சொன்னது சரி என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வந்ததும் வராததுமாக அடுத்தவர் சொன்னதை ஒத்துக்கொண்டால் நான் எதற்கு? டெர்மினலைச் சுரண்டினேன். ஃபியூஸைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ரோட்டில் நின்ற லோடு வண்டியின் பேட்டரியைக் கெஞ்சி வாங்கி மாட்டினேன். சாவியைத் திருப்பினால் ஒரு 'டக்' கூட இல்லை.

அப்பா தண்ணீர் ஓரம் நின்று, "ஆவலையா சார்?" என்றார்.

"ஆயிடும்ங்க ஐயா. நம்ம கை பட்டா அம்மிக்கல்லே ஸ்டார்ட் ஆவும்."

அவர் தலையாட்டினார். "அவசரம் இல்ல சார்."

அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு ஒயரை பேட்டரியிலிருந்து நேராக ஸ்டார்ட்டர் ரிலேவுக்குத் தொட்டுப் பார்த்தேன். மோட்டார் உறுமி நின்றது. அப்படியானால் மோட்டாரில் பழுதில்லை, சாவியிலிருந்து வருகிற வழியில்தான் எங்கோ கரண்ட் நிற்கிறது. ஃபோர்க்லிஃப்ட்டிலும் அப்படித்தான்: கியர் நியூட்ரலில் இல்லையென்றால் சாவி வேலை செய்யாது. நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் தடுத்துவிடும்.

கியர் லீவரைப் பார்த்தேன். நேராக நிற்பதுபோலத்தான் இருந்தது. அதன் அடியில் ஆயுத பூஜைக்குக் கட்டிய மஞ்சள் கயிறு, காய்ந்த எலுமிச்சம்பழத்தோடு. மழையில் ஊறி இறங்கி, முடிச்சு லீவரின் பள்ளத்துக்குள் போய்ச் சிக்கியிருந்தது. லீவர் ஒரு நூலிழை தள்ளி நின்றது. அத்தனை நேரமும் என் கை அந்தக் கயிற்றைத் தொடாமல் பக்தியோடு சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற கிறிஸ்தவன்தான் நான். ஆனால் ஃபோர்க்லிஃப்ட்டுக்குச் சந்தனம் வைத்துக் கயிறு கட்டுவது வருஷா வருஷம் என் டிப்பார்ட்மென்ட். கட்டினதை யாரும் தொட மாட்டோம்.

கத்தியை எடுத்ததும் ஓட்டுகிறவர் என் கையைப் பிடித்தார். "வெட்டாதீங்க அண்ணா. இது கட்டுனதுலேர்ந்து இந்த ஏரியில ஒரு ஆபத்தும் வந்ததில்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கரையைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார்.

வெட்டினேன். கயிறு எலுமிச்சம்பழத்தோடு என் கையில் வந்தது. லீவர் நடுவில் போய் உட்கார்ந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓட்டுகிறவர் கை தட்டினார். நானும் பழக்கதோஷத்தில் சிரித்துக்கொண்டே, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"ஆவாதுன்னு நெனச்சேன் சார்" என்றார்.

போட் போனது. இரண்டு ஆட்களும் அதில் ஏறியிருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெங்களூர், பேரிகை, சார்ஜ் எதையும் அவர் திரும்பச் சொல்லவில்லை. வெயில் சாயும்போது போட் திரும்பியது. போன வேகத்தில் வரவில்லை. அதைப் பார்த்ததுமே அவர் எழுந்து, சட்டைக்குள்ளிருந்து ஜெபமாலையை வெளியே எடுத்தார். எலுமிச்சம்பழம் இன்னும் என் கையில்தான் இருந்தது. அந்தத் தண்ணீரில் போடவும் முடியவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கயிற்றை ஃபோர்க்லிஃப்ட்டின் கண்ணாடியில் கட்டினேன்.

"ஏண்ணா, கியர்லதானே கட்டுவீங்க?" என்று கூட வேலை செய்கிற ஒருவன் கேட்டான்.

"கண்ணாடிக்கும் கொஞ்சம் அழகு வரட்டும்டா, தினம் என் மூஞ்சியத்தானே பாக்குது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள்.