டீசலின் காலில் இருந்த தகடு

"இது கரையுமா? நீயே சொல்லு, இது கரையுமா?" என்று டென்னிஸ் பந்தை என் மூக்குக்கு நேரே ஆட்டுகிறார் லெம்பி. நாயை வளர்த்தவர்கள் போர்வைக்குள் செத்த நாயோடு பந்தையும் ஒளித்து அனுப்பிவிடுகிறார்கள். பந்து மூலைக்குப் பறக்கிறது. அங்கே ஏற்கெனவே ஒரு போட்டி நடத்தும் அளவுக்குப் பந்துகள் கிடக்கின்றன.

ஆஸ்டோரியா துறைமுகத்தில், மீனை டின்னில் அடைத்துக்கொண்டிருந்த பழைய கொட்டகையில், லெம்பி செத்துப்போன செல்லப் பிராணிகளை நீரில் கரைக்கிறார்; நான் கூடமாட வேலை பார்க்கிறேன். எஃகு அண்டா, வெந்நீர், சோப்புக்குப் போடும் காரம். மெல்லச் சுழன்று சுழன்று கடைசியில் வெள்ளை எலும்பு மட்டும் மிஞ்சும். அதை உலர்த்திப் பொடித்துப் பெட்டியில் தருவார். நெருப்பில்லை, புகையில்லை. புகைவதெல்லாம் லெம்பிதான்.

எரித்துப் புகை கிளப்பாமல் பூமியைக் காப்பாற்ற வருகிறவர்கள் வீடு மாதிரி பெரிய வண்டியை இன்ஜினை அணைக்காமல் வாசலில் நிறுத்துவது அவருக்கு ஆகாது. "எங்க செல்லம் வானவில் பாலத்தத் தாண்டிச் சொர்க்கத்துக்குப் போயிட்டான்" என்று கண்ணைத் துடைப்பவர்களை அதைவிட ஆகாது. "பாலமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அண்டாதான் இருக்கு. பாக்கறீங்களா?" நாய்முடி பட்டால் தும்முவார். நாய் வளர்த்ததே இல்லை.

சென்ற செவ்வாயன்று அண்டாவைத் திறந்தவர் யாரையும் திட்டவில்லை. அதனாலேயே பயந்துபோய் எட்டிப்பார்த்தேன்.

நண்டு பிடிக்கும் வெர்னின் கறுப்பு லாப்ரடார் நாய் டீசல், கால்நடை மருத்துவமனையில் இறந்து அங்கிருந்து பையில் வந்திருந்தது. எப்போதோ நண்டுக்கூண்டு விழுந்து உடைந்த பின்னங்காலில் அதற்கு உலோகத் தகடு உண்டு. தகட்டைத் தனியே எடுத்துத் தரும்படி வெர்ன் கேட்டிருந்தார். உலோகம் கரையாது. எலும்புகள் இருந்தன, தகடு இல்லை.

லெம்பி அந்த மருத்துவமனையின் டாக்டர் பிரெண்ட்டைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அடடா, பை மாறிடுச்சு. டீசல் இங்க ஃப்ரீசர்லதான் இருக்கான். உங்ககிட்ட வந்தது ஹோல்ம் வீட்டு நாய். அத அவங்க தோட்டத்துல புதைக்கணும்னு வாங்கிட்டுப் போக சனிக்கிழமை வராங்க." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டும் கறுப்பு லாப்ரடார்தானே லெம்பி? டீசல அவங்களுக்குக் குடுத்துடறேன், பையைப் பிரிக்க மாட்டாங்க. நீங்க பொடிய வெர்னுக்குக் குடுத்துட்டு, தகடு எங்கயோ விழுந்துடுச்சுன்னு சொல்லிடுங்க. யாருக்கும் மனசு நோகாது."

லெம்பியின் கழுத்து சிவந்தது. "நோகாதா? வெர்ன் இன்னொருத்தன் நாய மடியில வச்சுக்கிட்டு அழணும், அவன் நாய ஊரான் தோட்டத்துல புதைக்கணும். அதான் உன் வைத்தியமா?"

ஹோல்ம் வீட்டு நாயின் எலும்புகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பி, வழியில் வெர்னையும் ஏற்றிக்கொண்டார். நாயைத் தூக்க ஆள் வேண்டுமென்று நானும் போனேன். நடந்ததை வெர்னிடம் சொல்லச் சொல்ல லெம்பியின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று.

"அங்க வந்து கத்தாத லெம்பி. டீசலுக்குச் சத்தம்னா பயம்" என்றார் வெர்ன்.

"அது செத்துப்போச்சுய்யா!"

வெர்ன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு லெம்பி கத்தவில்லை.

மருத்துவமனையில் வெர்ன் உறைந்த பின்னங்காலைத் தடவினார். தகடு கையில் தட்டுப்பட்டது. தலையசைத்தார். அவரும் நானும் டீசலை வண்டியில் ஏற்றினோம். திரும்பி வந்தபோது டாக்டர் லெம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஹோல்ம் வீட்டுக்காரங்ககிட்ட நானே அப்புறமா பக்குவமா, நேரம் பாத்துச் சொல்லிக்கறேன்..."

லெம்பி எலும்புப் பெட்டியை டாக்டரின் மேஜையில் வைத்தார். தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து வந்து, வாசலை மறித்துப் போட்டு, உட்கார்ந்துகொண்டார்.