இஸ்மாயில் விட்டுப்போன எஞ்சின்

ஈதரும் கிருஷ்ணாயிலும் விளக்கெண்ணெயும் கலந்து எரிகிற புகைக்கு ஒரு வாசனை உண்டு. முகர்ந்ததும் தலை லேசாகச் சுற்றும், தொண்டையில் இனிப்பாக ஏதோ இறங்கும், துணியில் ஏறிவிட்டால் மூன்று முறை துவைத்தாலும் போகாது. நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் ராயபுரம் வீட்டு மொட்டை மாடி முழுக்க அந்த வாசனைதான். அம்மா மாடிப்படியில் நின்று, "இது இன்னா வூடா, ஆஸ்பத்திரியா?" என்று தினமும் கேட்பாள். என் அண்ணன் குணாவுக்கும் அவனோடு ஐ.டி.ஐ.யில் படித்த அவனுடைய "தோஸ்து" இஸ்மாயிலுக்கும் அது காதில் விழாது. அவர்களுக்கு நடுவே, பலகையில் திருகி வைத்த தீப்பெட்டி அளவு எஞ்சின் ஒன்று தன் உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத சத்தத்தில் அலறிக்கொண்டிருக்கும்.

பொம்மை விமானத்துக்கான டீசல் எஞ்சின் அது. பிளக் கிடையாது, பாட்டரி கிடையாது. தலையில் உள்ள சின்னத் திருகைக் கூட்டியும் குறைத்தும், முன்னால் இருக்கிற மர விசிறியை ஆள்காட்டி விரலால் சுண்டிச் சுண்டித்தான் கிளப்ப வேண்டும். திருப்பி அடித்தால் நகம் பெயரும் என்பதால் இருவரும் விரலில் சைக்கிள் டியூப் துண்டை மாட்டிக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் இயந்திரத்துக்குப் பஞ்சமே இல்லை. கிரேன், லாஞ்சு, ரயில், உருக்குப் பட்டறை என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று உறுமிக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லாமே வேறு யாருடையதோ. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய எங்கள் நைனாவே அதை "அவங்க வண்டி" என்றுதான் சொல்வார். பிஸ்டனும் சிலிண்டரும் ராடுமாக ஒரு கப்பல் எஞ்சினில் உள்ளதெல்லாம் தனக்குள்ளும் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் மூடிவிடும்படி இருந்த இந்த ஒன்று மட்டும் இஸ்மாயிலுடையது.

அது அவனிடம் வந்த விதமும் விசேஷமானது. அவன் அத்தா என்று கூப்பிடும் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். ஒருநாள் கப்பல் தளத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி வழியே இறக்கினார். அந்த மனிதர் போகும்போது, தான் ஓய்வில் விளையாட வைத்திருந்த இந்த எஞ்சினை அவர் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாராம்.

விமானத்தைக் கட்டியதும் பெரும்பாலும் இஸ்மாயில்தான். காயலான் கடையில் கிடந்த பழைய கப்பல் மிதவையை உடைத்து, அதற்குள்ளிருந்த பஞ்சு போன்ற பால்சா கட்டையைப் பிளேடால் சீவி, காற்றாடித் தாளை ஒட்டி இறக்கை செய்தான். அவன் வீட்டில் கால் நீட்ட இடமில்லாததால் எல்லாம் எங்கள் மாடியில் நடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், தொடக்கூடாது என்பது குணாவின் சட்டம். "பொம்பளப் புள்ளைக்கு இது இன்னாத்துக்கு?" என்பான். இஸ்மாயில் மட்டும், "ஞாயித்துக்கெழம மொதல் சுண்டு நீதான் சுண்டற, பாப்பா," என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல், விமானத்தைக் கைப்பிடியோடு கட்டி வட்டமாகப் பறக்கவிடுவதற்கான மெல்லிய எஃகுக் கம்பி வாங்க இருவரும் பாரிமுனைக்குப் போயிருந்தபோது, நான் மாடிக்குப் போய் எஞ்சினின் வாயில் எண்ணெயை ஊற்றினேன். அவர்கள் சொட்டுச் சொட்டாக விடுவதைப் பார்த்திருந்தும் நிறையவே ஊற்றினேன். விசிறியைச் சுண்டினேன், நகரவில்லை. எண்ணெய் நிறைந்து பிஸ்டனை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஸ்பேனரை விசிறியில் கொடுத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். உள்ளே "நறுக்" என்று ஏதோ இடம்கொடுத்தது, விசிறி சுற்றியது. எஞ்சினைக் கவிழ்த்து எண்ணெயை வடித்து, பாவாடையால் துடைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

ஞாயிறு காலை திருவொற்றியூருக்கு வடக்கே, கடலை ஒட்டிய திடலில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். இஸ்மாயில் வாக்கை மறக்கவில்லை. தன் விரலிலிருந்த டியூப்பைக் கழற்றி என் விரலில் மாட்டி, "பயப்படாத, சுண்டு," என்றான். நான்காவது சுண்டில் எஞ்சின் கிளம்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. இல்லை, இஸ்மாயிலுக்கும் கேட்டது.

"உள்ள ஏதோ தட்டுது குணா. கயட்டிப் பாத்துட்டு அடுத்த வாரம் வுடலாம்," என்றான்.

"இவ்ளோ பேர் வந்து நின்னுகினு கீறாங்க. பேஜார் பண்ணாத, புடி," என்றான் குணா.

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் டியூப் மாட்டிய விரலைப் பார்த்தபடி நின்றேன்.

இஸ்மாயில் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்தான். இரட்டைக் கம்பியின் மறுமுனையில் விமானம் எழும்பி அவனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது, இரண்டாவது வட்டம் போட்டது. மூன்றாவதில் படாரென்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றது. கடல் காற்று விமானத்தை உள்பக்கம் தள்ள, கம்பி தொய்ந்தது. அது தலைகுப்புற விழுந்து நொறுங்கியது.

குணா சில்லுகளின் அருகே போய்க் குனிந்து நின்றான். பிறகு நிமிர்ந்து, கத்தாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "மூட்ட தூக்கறவன் புள்ளைகிட்ட கைப்புடியக் குட்த்தேன் பாரு, என்னச் சொல்லணும்," என்றான்.

இஸ்மாயில் கம்பியைச் சிக்கில்லாமல் சுருட்டினான். அந்தச் சுருளை என் கையில் கொடுத்தான். எஞ்சினை எடுக்காமலே நடந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. இரண்டு வருஷத்தில் அந்தக் குடும்பமே மீஞ்சூர்ப் பக்கம் குடிபோய்விட்டது.

அப்போதே சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த அடிக்குப் பயந்து நாற்பது வருஷம் சொல்லாமல் இருந்தேன். போன வருஷம் அம்மாவின் திவசத்துக்கு வந்திருந்த குணாவிடம், எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு சொன்னேன். அவன் தன் இலையை மெதுவாக மடித்தான்.

"மறுநாளே கயட்டிப் பாத்தேன் பாப்பா. ராடு வளைஞ்சி முறிஞ்சிருந்துச்சு. யாரு பண்ணதுன்னு தெரியாது. அவன் மேல தப்பு இல்லன்னு மட்டும் தெரிஞ்சிது."

"அப்பறம் ஏன் போய்ச் சொல்லல?"

"எஞ்சினப் பத்திச் சொல்லிடலாம். அந்த வார்த்தைக்கு இன்னா சொல்றது?"

மறு வாரம் விலாசம் விசாரித்துக்கொண்டு இருவரும் மீஞ்சூருக்குப் போனோம். எண்ணூர் சாலையில் அந்தத் திடல் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கன்டெய்னர்கள் நாலடுக்காகச் சாலை வரைக்கும் நின்றன, அவற்றுக்குப் பின்னால் கடல் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. இப்போது குழந்தைகள் பறக்கவிடுகிற விமானங்கள் பாட்டரியில் ஓடுகின்றன. சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை.

இஸ்மாயிலுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பழுத்த இரும்பை எந்திரச் சம்மட்டியால் அடிக்கிற தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்ததில் இரண்டு காதும் போயிருந்தன. நாங்கள் சொன்னதையெல்லாம் அவர் மனைவி அவர் காதருகே குனிந்து உரக்கத் திருப்பிச் சொன்னார். நான் ஸ்பேனரைக் கொடுத்து அழுத்தியதைச் சொன்னதும் இஸ்மாயில் சிரித்துவிட்டார்.

"ஒரு பொம்ம எஞ்சினுக்கா இத்தினி வருஷம் மருகிகினு இருந்த?" என்று என் தலையில் கை வைத்தார்.

குணா துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த எஞ்சினை அவர் முன்னால் வைத்தான். அவர் அதைத் தொடவில்லை.

"அன்னிக்கி எங்க அத்தா அங்க வந்திருந்தாரு, குணா. வேலைக்குப் போவாம, புள்ள வுடறதப் பாக்கணும்னு வந்து கடைசில நின்னுகினு இருந்தாரு. நடந்தேதான் வூட்டுக்கு வந்தோம். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல," என்றார், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

குணா தரையைப் பார்த்தபடி, "தப்பு பண்ணிட்டேன்டா," என்றான். எனக்கே பாதிதான் கேட்டது. அவர் மனைவி அதுவரை எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னவர், இதைச் சொல்லவில்லை. இஸ்மாயிலும் என்னவென்று கேட்கவில்லை. எழுந்துபோய் அவர் காதருகே குனிந்து அதை நான் உரக்கச் சொல்லியிருக்கலாம். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.