செத்துப்போனால்தான் பிடிக்கும்

டென்மார்க்கில் பட்டப்பகலிலேயே மெழுகுவத்தி ஏற்றிவைக்கிறார்கள். திருத்தணியில் கரண்ட் போனால்தான் நாங்கள் அதைத் தேடுவோம். இங்கே விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போதே மேசை நடுவில் நான்கைந்து மெழுகுவத்திகள், சுற்றிலும் காப்பி, கேக். நாங்கள் குடியிருந்த சிற்றூரின் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் 'லேசெக்ரெஸ்', அதாவது வாசகர் வட்டம், இப்படித்தான் தொடங்கும். டேனிஷ் பேச்சு பழகட்டும் என்று மொழி வகுப்பு ஆசிரியை என்னை அங்கே அனுப்பிவைத்தார். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கணவர் வேலைக்குப் போய்விட்டால் வாய் திறந்து பேச ஆளில்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்று என்னைப்போல் கடல் தாண்டியவர்களுக்குத் தெரியும்.

அந்த மாதம் நூறாண்டைத் தாண்டிய ஒரு நாவலை எடுத்துக்கொண்டார்கள். கணவனை விட்டு வெளியேறுகிறாள் ஒருத்தி. ஊர் மொத்தமும் அவளுக்குக் கதவடைக்கிறது. கடைசியில் ஒரு சத்திரத்தில் காய்ச்சல் கண்டு சாகிறாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் படித்தேன். வட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற செவிலியர் கிர்ஸ்டன், அவள் சாகும் பக்கத்தை உரக்கப் படித்தார். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஸ்முக்' என்றார். அழகு என்று பொருள். மற்ற பெண்களும் ஆளுக்கொரு முறை 'ஸ்முக்' என்றார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு டேனிஷ் சொல்தான் இருந்தது, மீன் கடையில் கெட்டுப்போன மீனைப் பார்த்துக் கற்றது.

"உலெக்கெர்ட்" என்றேன்.

கிர்ஸ்டன் பதறிப்போய் என் தட்டைப் பார்த்தார். "கேக்கா? காலையில்தானே செய்தேன்!"

"கேக் இல்லை. புத்தகம்."

அவர் முகம் இளகியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "புரிகிறது. கணவனை விட்டுப் போகிற பெண்ணை உங்கள் பண்பாட்டில் ஏற்க மாட்டார்கள் அல்லவா?"

அவள் போனது அல்ல, அவள் செத்ததை நீங்கள் இப்படி ருசித்துச் சாப்பிடுகிறீர்களே, அதுதான் எனக்கு அருவருப்பு என்று விளக்க என் டேனிஷ் போதவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கேக்கை விழுங்கினேன்.

என் அம்மாவுக்கும் ஒரு நாவல் இருந்தது. வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, யாரோ பைண்டு செய்து, எங்கள் தெருவில் வீடு வீடாகச் சுற்றிய நாவல். குடிகாரக் கணவனின் அடியை வாய் திறக்காமல் வாங்கி, அவன் மடியிலேயே பூவும் பொட்டுமாக உயிரை விடுபவள் அதன் நாயகி. புளி கொட்டை எடுக்கும்போது அம்மா உரக்கப் படிப்பாள். கூட உட்கார்ந்திருக்கும் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். வேலை முடிந்து வரும் நைனாகூட வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அக்காவைப் பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் வீட்டில் கொடுத்திருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து, தெருவெல்லாம் எச்சில் இலையும் அழுகிய பூவும் ஈயுமாக நாறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். காதோரம் ரத்தம் உறைந்திருந்தது. அவள் கணவர், எங்கள் பாவா, விறகுக் கட்டையால் அடித்திருந்தார்.

அம்மா காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கதையில வர்றவ எவ்ளோ பொறுத்துகினு இருந்தா? நீ ஒரு அடிக்கு ஓடியாந்துட்டியேடி."

"அவ செத்துட்டாம்மா" என்றாள் அக்கா. "நான் சாவாம வந்து நிக்கறேன். அதான் உனக்கு ஒப்பல."

நாயகிக்காக மூக்கைச் சிந்திய பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "எப்ப திரும்பிப் போறா?" என்பதைத் தவிர அவர்களிடம் வேறு கேள்வி இல்லை. மறுநாள் நைனா அவளைப் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, ரயில் பிடித்து, திருவள்ளூரில் இருந்த பள்ளித் தோழியின் வீட்டுக்குப் போய்விட்டாள். துணி தைக்கும் கம்பெனியில் சேர்ந்து, இப்போது அங்கேயே சூப்பர்வைசர். தனியாக வீடு எடுத்திருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். அதுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் பொறுக்கவில்லை. அம்மா ஒருமுறைகூட அங்கே போனதில்லை.

பழைய நாவல்களை ஏன் நேசிக்கிறோம் என்று கேட்டால் மொழி, வாழ்க்கை, மனித மனம் என்பார்கள். பொய்யில்லை. அந்த டேனிஷ் நாவலில் பனி விழும் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தவள்தான் நான். ஆனால் காகிதத்தில் அழுபவள் நம்மிடம் சோறு கேட்பதில்லை, பாய் விரிக்க இடம் கேட்பதில்லை. அவளுக்காக இரண்டு சொட்டு விட்டால் நாம் நல்லவர்கள் என்று நம்பிக்கொண்டு தூங்கலாம். உயிரோடு வந்து கதவைத் தட்டுகிறவளிடம் அந்தச் சௌகரியம் இல்லை. கிர்ஸ்டனின் கண்ணீரிலும் என் அம்மாவின் கண்ணீரிலும் எனக்கு ஒரே நாற்றம்தான் அடித்தது.

அடுத்த கோடையில் ஊருக்குப் போனேன். ஆர்.கே.பேட்டையிலிருந்து யாரோ உறவுக்காரர் வந்திருந்தார். அம்மா என்னைக் காட்டி, "எனக்கு ஒரே பொண்ணுங்க. வெளிநாட்டுல கீது" என்றாள். குரலில் அவ்வளவு பெருமை.

"ரெண்டு பொண்ணுங்க" என்றேன் நான். "பெரியவ திருவள்ளூர்ல கீறா."

வந்தவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், எச்சில் கையோடு சாமி படத்தைத் தொட்டவளைப் பார்க்கும் கோபம் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ரயிலேறினேன்.

அரக்கோணம் தாண்டி மணவூரில் வண்டி நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த, கீரைக் கூடைக்காரப் பெண்மணி, "எந்த ஊரும்மா உனுக்கு?" என்று கேட்டார்.

திருத்தணி என்று சொல்ல வாய் கூசியது. அங்கே நான் ஒற்றை மகள். டென்மார்க் என்று சொல்லவும் வரவில்லை. அங்கே என் அருவருப்புக்குப் பண்பாடு என்று பெயர். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பலகையில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

"மணவூர்."

"அய்ய, அப்ப எறங்கும்மா! வண்டி எடுத்துடப் போறான்!"

அவரே எழுந்து, மேலிருந்து என் பையை இறக்கி என் கையில் திணித்தார். அதை மார்போடு அணைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தே இருந்தேன். வண்டி நகர்ந்தது.